எலெக்ட்ரிக் கிட்டாரை வீட்டில் பதிவு செய்ய: முதல் பணம் எதற்குப் போக வேண்டும்?

என் முதல் ஆறு மாதப் பதிவுகளை இன்று எடுத்துக் கேட்டால், கிட்டார் மேல் யாரோ கம்பளி போர்த்தியது போல இருக்கும். பிக் ஸ்ட்ரிங்கைத் தொடும் அந்தக் கூர்மையே காதில் விழாது. பிக்கப் பழசாகிவிட்டது என்று நினைத்தேன். புது ஸ்ட்ரிங் போட்டேன், கேபிளை மாற்றினேன், கணினியில் ட்ரெபிளை ஏற்றிப் பார்த்தேன். ஏற்ற ஏற்ற இரைச்சல்தான் கூடியது. கடைசியில் பார்த்தால், காரணம் இன்டர்ஃபேஸின் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) முகப்பில் இருந்த ஒரு சுவிட்ச். நகத்தால் தள்ளும் அளவுதான் இருக்கும். 'லைன்' பக்கம் இருந்ததை 'இன்ஸ்ட்', அதாவது இன்ஸ்ட்ருமென்ட், பக்கம் தள்ளினேன். அதே கிட்டார், அதே கேபிள். மேல் ஈ ஸ்ட்ரிங் மணி அடித்தது போல ஒலித்தது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என்ன வாங்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் "எதில் டோன் நன்றாக வரும்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். டோனைப் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கிட்டாரிலிருந்து வரும் மூல சிக்னலை உள்ளே எடுக்கும்போது தொலைத்தது மட்டும் திரும்ப வராது. கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால் அது அந்த முதல் வாசலுக்குப் போக வேண்டும், மற்றதை இலவசமாகவோ பிறகோ பார்த்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு. அந்தக் கண்ணோடுதான் இங்கே ஒவ்வொரு வழியையும் பார்க்கப்போகிறேன்.

முதலில் அந்த சுவிட்ச் என்ன செய்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி, தலைமுடி போன்ற செம்புக் கம்பியைப் பல ஆயிரம் முறை சுற்றிய ஒரு சுருள். அதிலிருந்து வரும் சிக்னல் மெலிந்தது, அதன் மின்மறுப்போ (இம்பீடன்ஸ்) அதிகம். ஆகவே அதை வாங்கும் உள்ளீடு அதன் மேல் சுமை ஏற்றாமல் வாங்க வேண்டும். கிட்டார் ஆம்புகளின் உள்ளீடு வழக்கமாக 1 மெகாஓம், அதாவது 10 லட்சம் ஓம். கீபோர்டு, மிக்ஸர் போன்றவற்றுக்கான லைன் உள்ளீடு பெரும்பாலும் 10,000 அல்லது 20,000 ஓம் அளவில்தான் இருக்கும். மைக் உள்ளீடு அதைவிடவும் குறைவு, சில ஆயிரம் ஓம். அப்படிப்பட்ட இடத்தில் கிட்டாரைச் செருகினால் உயர்ந்த அதிர்வெண்கள்தான் முதலில் மடங்கும். கம்பளி போர்த்தியது போல் கேட்டது அதனால்தான். அங்கே மடங்கியதை ஈக்யூ (அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் வசதி) போட்டு நிமிர்த்தப் பார்த்தால் கூடவே இரைச்சலும் நிமிரும்.

சரி, வழிகளுக்கு வருவோம். சின்னச் செலவில் வீட்டில் கிட்டார் பதிவு செய்பவர்கள் பொதுவாக நான்கு வழிகளில் ஒன்றில் போகிறார்கள். ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கி, ஆம்பின் வேலையைக் கணினி மென்பொருளிடம் விடுவது ஒன்று. காலில் மிதிக்கும் மல்டி-எஃபெக்ட்ஸ் கருவியையே யுஎஸ்பி வழியாகக் கணினியில் இணைப்பது இன்னொன்று. மேசை மேல் வைக்கும் யுஎஸ்பி ஆம்ப் மூன்றாவது. நிஜ ஆம்பின் முன்னால் மைக் வைப்பது நான்காவது, எல்லாவற்றிலும் பழையது.

செல்பேசியில் நேராகச் செருகும் சின்ன அடாப்டர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஹெட்ஃபோன் துளை வழியாகப் போகும் அனலாக் வகைகளில், வெளியே போகும் ஒலி உள்ளே வரும் சிக்னலில் கசிகிறது. கணினிக்கான யுஎஸ்பி கிட்டார் கேபிள் வகை ஒன்றை நானே வாங்கி வைத்திருந்தேன். ஒலி உள்ளே போவது கேபிள் வழி, வெளியே வருவது மடிக்கணினியின் சொந்த ஹெட்ஃபோன் துளை வழி. இரண்டும் வேறு வேறு சாதனங்கள் என்பதால் ஒன்றோடொன்று இணங்கவே இல்லை. பிக் பட்டு, கொஞ்சம் கழித்து ஒலி வந்தது. ஒரு மெட்டை மனதில் நிற்கும் முன் குறித்து வைக்க அடாப்டர் போதும். ஒரு பாட்டை முழுதாகப் பதிவு செய்ய நினைப்பவர் அந்தப் பணத்தையும் சேர்த்து வைத்து இன்டர்ஃபேஸ் வாங்கலாம்.

இன்டர்ஃபேஸ் வழி

என் வாக்கு இதற்குத்தான், அதனால் இங்கேதான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, ஸ்கார்லெட் 2ஐ2, ஆடியன்ட் ஈவோ 4, ஆடியன்ட் ஐடி4, மோட்டு எம்2, பெரிங்கர் யுஎம்சி202எச்டி என்று இந்த விலைத்தட்டில் தெரிந்த பெயர்கள் நிறைய. இவை எல்லாவற்றிலும் கிட்டாரை நேராகச் செருகலாம், எல்லாமே 24 பிட்டில் பதிவு செய்யும். ஒலித்தரத்தில் இவற்றுக்குள் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடலாம். முடிந்த பாட்டில் அதைக் காதால் கண்டுபிடிப்பது கடினம். வித்தியாசம் தெரிவது வேறு இடங்களில்.

ஒன்று, கிட்டார் உள்ளீடு எவ்வளவு பலமான சிக்னலைத் தாங்கும் என்பது. விலை குறைந்த சில கருவிகளில் சிக்னலை ஏற்றும் கெயின் குமிழைப் பூஜ்யத்தில் வைத்தாலும், காரமான ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப்பில் ஓங்கி ஒரு கார்டு அடித்தால் சிவப்பு விளக்கு எரிந்துவிடும். அது டிஜிட்டல் கிளிப்பிங், அளவு மீறிய சிக்னலின் உச்சி வெட்டுப்படுவது. ஆம்பின் இனிமையான டிஸ்டார்ஷனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விவரத்தாளில் இன்ஸ்ட்ருமென்ட் உள்ளீட்டின் உச்ச அளவு டிபியு (சிக்னல் அளவின் அலகு) கணக்கில் போட்டிருக்கும். +12 டிபியு என்றால் சுமார் 3 வோல்ட் ஆர்எம்எஸ் வரை தாங்கும். அந்த அளவில் இருந்தால் பெரும்பாலான கிட்டார்களுக்குக் கவலை இல்லை. சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் வைத்திருப்பவர்கள் இதைப் பற்றி அவ்வளவு யோசிக்க வேண்டாம்.

இரண்டாவது, டிரைவர், அதாவது கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். கருவியைச் செய்த நிறுவனமே எழுதிய ஏஸியோ (தாமதம் குறைந்த விண்டோஸ் ஒலி வழி) டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இல்லாத கருவிக்கு ஏஸியோ4ஆல் என்ற பொது மென்பொருளைப் போட்டு ஒப்பேற்றலாம். ஒப்பேற்றுவதுதான், நிம்மதி இருக்காது. மேக்கில் கோர் ஆடியோ என்ற ஒலி அமைப்பு உள்ளேயே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

டிரைவர் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், லேட்டன்சி. நீங்கள் ஸ்ட்ரிங்கைத் தட்டியதும் ஒலி உள்ளே போய், மென்பொருளில் ஆம்ப் ஒலியாக மாறி, உங்கள் காதுக்கு வர எடுக்கும் நேரம் அது. கணினி ஒலியைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கையாளும். பொட்டலத்தின் அளவுதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 முறை ஒலியை அளப்பது; ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள்) 128 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட், போய்வர 5.3. அனலாக்-டிஜிட்டல் மாற்றிகளும் யுஎஸ்பியும் எடுத்துக்கொள்ளும் நேரத்தைச் சேர்த்தால் 8, 10 என்று வரும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகிறது. ஆக 10 மில்லிசெகண்ட் என்பது மூன்று மீட்டருக்குச் சற்றுத் தள்ளி ஆம்பை வைத்து வாசிப்பதற்குச் சமம். மேடையில் எல்லோரும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். 20-ஐத் தாண்டினால் கை தயங்க ஆரம்பிக்கும். வேகமான பாம்-மியூட் (உள்ளங்கையால் ஸ்ட்ரிங்கை அழுத்தி வாசிக்கும்) ரிதமில் முதலில் தெரியும்: தாளத்துக்குப் பின்னால் இழுக்கிறோமோ என்று நினைத்து முந்திக்கொண்டு அடிப்பீர்கள்.

விளம்பரங்களில் 'டைரக்ட் மானிட்டரிங், லேட்டன்சியே இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பாடகர்களுக்கு அது வரம். எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பெரிதாகப் பயன் இல்லை. அந்த வசதியில் காதில் விழுவது ஆம்புக்குள் போவதற்கு முந்தைய வெறும் கிட்டார்தான். டிஸ்டார்ஷன் கேட்க வேண்டுமென்றால் ஒலி மென்பொருள் வழியாக வந்தே ஆக வேண்டும். அதனால் அந்த வசதிக்காக ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

192 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட் என்ற எண்ணுக்கும் மயங்க வேண்டாம். கிட்டார் ஸ்பீக்கர் 5, 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெகு கொஞ்சம்தான் ஒலிக்கிறது; 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம். 24 பிட்டோ உண்மையிலேயே உதவும். ஏட்டுக் கணக்கில் 144 டெசிபல் அகலம் இருப்பதால் மீட்டரை உச்சி வரை ஏற்ற வேண்டியதே இல்லை. எவ்வளவு ஓங்கி அடிப்பீர்களோ அவ்வளவு ஓங்கி அடித்து, மீட்டரில் உச்சம் -12 டெசிபலுக்கும் -6 டெசிபலுக்கும் நடுவில் நிற்கும்படி கெயினை வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

ஒரு உள்ளீடா, இரண்டா என்ற கேள்விக்கு: தனியாக வாசிப்பவருக்கு ஒன்றே போதும். ராக் பாட்டுகளில் இடமும் வலமும் கேட்கும் கனமான ரிதம் கிட்டாரைக்கூட ஒரே உள்ளீட்டில் இரண்டு முறை வாசித்துத்தான் எடுக்கிறார்கள். நண்பரோடு சேர்ந்து ஒரே நேரத்தில் பதிவு செய்யவோ, பின்னாளில் ஒரே ஆம்புக்கு இரண்டு மைக் வைக்கவோ ஆசை இருந்தால் இரண்டு உள்ளீட்டுக்குப் போங்கள்.

இலவச மென்பொருளில் ஆம்ப்

கருவிக்குப் பணம் போட்டாகிவிட்டது, ஆம்ப் எங்கே? இங்கேதான் கடந்த சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழாக மாறியிருக்கிறது. ஸ்டீவன் அட்கின்சன் எழுதி இலவசமாக வெளியிட்ட நியூரல் ஆம்ப் மாடலர் என்ற ப்ளக்-இன் (பதிவு மென்பொருளுக்குள் ஓடும் துணை மென்பொருள்), நிஜ ஆம்ப் ஒன்றுக்குள் ஒலியை அனுப்பி, வெளியே வருவதை வைத்து அதன் நடத்தையைப் படித்துக்கொள்கிறது. அப்படிப் படித்த ஆம்ப் கோப்புகளை உலகம் முழுக்கக் கிட்டார்காரர்கள் இலவசமாகப் பகிர்கிறார்கள். பழைய கணினியாக இருந்தால் லைட், ஃபெதர், நானோ என்று சுமை குறைந்த மாதிரிகளைத் தேடி எடுக்கலாம். இக்னைட் ஆம்ப்ஸ் தரும் எமிசரி, நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கிட்டார் ரிக் பிளேயர் ஆகியவையும் காசில்லாமல் கிடைக்கின்றன. என் பதிவுகளில் காசு கொடுத்து வாங்கிய ஆம்ப் ப்ளக்-இன் எதுவும் இப்போது இல்லை.

முதல்முறை ஆம்ப் ப்ளக்-இன் போட்டுக் கேட்கும் பலர் "தேனீக்கூட்டம் மாதிரி இரைகிறதே" என்று மனம் தளர்ந்துவிடுகிறார்கள். அது ஆம்பின் குறை இல்லை, ஸ்பீக்கர் இல்லாத குறை. நிஜ ஆம்பில் அந்தக் கரகரப்பான உயர் ஒலிகளை ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு வடிகட்டிவிடும். மென்பொருளில் அந்த வேலையைச் செய்வது ஐஆர் என்னும் சின்ன ஒலிக்கோப்பு: ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் அதன் முன் வைத்த மைக்கும் சேர்ந்து ஒலியை எப்படி மாற்றுகின்றன என்பதன் அச்சு. இக்னைட் ஆம்ப்ஸின் இலவச நாடிர் போன்ற ஒரு லோடரில் ஐஆரைப் போட்டதும் தேனீக்கள் போய் கிட்டார் வந்து நிற்கும். ஆம்பை மாற்றுவதைவிட ஐஆரை மாற்றும்போதுதான் டோன் அதிகம் மாறுகிறது என்பது என் அனுபவம். அதனால் ஆம்ப் ஒன்றில் நின்றுகொண்டு, ஐஆர்களை ஒவ்வொன்றாக மாற்றிக் கேளுங்கள்.

பதிவு செய்யும் மென்பொருளுக்கும் தொடக்கத்தில் செலவு வேண்டாம். மேக், ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு காரேஜ்பேண்ட் இருக்கிறது. மற்றவர்கள் ரீப்பரை 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு உரிமம் வாங்கலாம். வாங்கத் தகுந்த மென்பொருள் அது.

இந்த வழியின் பெரிய லாபத்தை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். கணினியில் சேமிக்கப்படுவது ஆம்புக்கு முந்தைய வெறும் கிட்டார் டிராக். டிஐ என்பார்கள். ஆம்ப் ஒலி அதன் மேல் போட்ட சட்டை போல. எப்போது வேண்டுமானாலும் கழற்றி வேறு மாட்டலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாட்டுக்கு வாசித்த ரிதமில் அன்றைய ஆசைக்கு டிஸ்டார்ஷனை வாரி இறைத்திருந்தேன். பின்னர் கேட்டபோது கார்டுகளே பிரிந்து கேட்கவில்லை. டிஐ கையில் இருந்தது. கெயினைப் பாதியாகக் குறைத்து, வேறு ஐஆர் போட்டேன். அன்றைக்கு வாசித்த கை அப்படியே இருக்க, ஒலி மட்டும் தெளிந்தது. மோனோவில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் டிஐ ஒரு நிமிடத்துக்கு 9 மெகாபைட் கூட ஆகாது. எந்த வழியில் பதிவு செய்தாலும் அதைச் சேமித்து வையுங்கள்.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். வாசிக்க நினைத்த ஒவ்வொரு முறையும் கணினியைத் திறந்து, மென்பொருள் எழுந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். மனதில் மெட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த இரண்டு நிமிடம் பெரிய தடை. தினமும் வேலைக்காகத் திரை முன் உட்காருபவர்களுக்கு மாலையிலும் அதே திரை என்றால் கிட்டார் பெட்டியிலேயே கிடக்கும். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் அடுத்த வழி.

மல்டி-எஃபெக்ட்ஸ் கருவி

வீட்டில் உட்கார்ந்து, பக்கத்து அறைக்குக் கேட்காமல் ஆம்ப் ஒலியைப் பதிவு செய்யும் ஆசை புதிதில்லை. 1979-இல் டாஸ்கம் போர்ட்டாஸ்டுடியோ கேசட்டில் நான்கு டிராக் பதிவு செய்யும் வசதியை வீட்டுக்குள் கொண்டுவந்தது. 1982-இல் டாம் ஷோல்ஸின் ராக்மேன், இடுப்பில் செருகிக்கொள்ளும் பெட்டியில் ஆம்ப் ஒலியைத் தந்தது. 1998-இல் லைன் 6 நிறுவனத்தின் சிவப்பு அவரைவிதை போன்ற பாட் வந்தபின் பல ஆம்புகளை ஒரே பெட்டியில் வைத்துக்கொள்வது சாதாரணமாகிவிட்டது. இன்றைய பாஸ் ஜிடி-1, நக்ஸ் எம்ஜி-300, வாலெடன் ஜிபி-100 எல்லாம் அந்த வழிவந்தவை.

இவற்றின் பலம், செருகினால் ஒலி. கணினி வேண்டாம், ஹெட்ஃபோன் போதும், லேட்டன்சி பற்றி யோசிக்கவே வேண்டாம். பயிற்சிக்கும் சின்ன மேடைக்கும் அதே கருவி. பதிவு செய்ய நினைத்தால் யுஎஸ்பியில் செருகினால் அதுவே இன்டர்ஃபேஸ் ஆகிவிடும். ஆகிவிடும் என்று நம்பி வாங்குவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். யுஎஸ்பி துளை இருப்பதாலேயே ஒலி அதன் வழியே போகும் என்று அர்த்தமில்லை. சில கருவிகளில் அது மென்பொருளைப் புதுப்பிக்கவும் அமைப்புகளை மாற்றவும் மட்டும்தான். விவரத்தாளில் 'யுஎஸ்பி ஆடியோ' என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும்.

என் தயக்கம் வேறு இடத்தில். பெரும்பாலான மலிவான கருவிகளில் கணினிக்குப் போவது ஆம்ப், டிலே, ரிவர்ப் (எதிரொலி வகைகள்) எல்லாம் சேர்த்துச் சமைத்த ஒலி. உப்பு கூடிவிட்டால் குறைக்க வழியில்லை. ஹெட்ஃபோனில் தனியாகக் கேட்கும்போது ரிவர்ப் எப்போதும் அழகு. டிரம்ஸும் பேஸும் பாட்டும் சேர்ந்ததும் அதே ரிவர்ப் கிட்டாரை அறையின் மறுகோடிக்குத் தள்ளிவிடும். லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் போன்ற கருவிகள் சமைத்த ஒலியோடு மூல சிக்னலையும் தனி யுஎஸ்பி சானலில் அனுப்புகின்றன. ஆனால் அது விலையில் ஒரு படி மேல். நீங்கள் பார்க்கும் கருவியில் டிரை (எஃபெக்ட் சேராத மூல) சிக்னலைத் தனியாகப் பதிவு செய்ய முடியும் என்றால் அதற்கு என்னிடம் கூடுதல் மதிப்பெண் உண்டு. முடியாது என்றால், பதிவின்போது ரிவர்பையும் டிலேயையும் அணைத்துவிட்டு, கெயினைக் காது கேட்பதைவிடக் கொஞ்சம் குறைவாக வைத்து வாசியுங்கள். மற்றதைப் பிறகு சேர்க்கலாம்.

மேடையிலும் வாசிப்பவர், ஒரே ஒரு சாதனம்தான் வாங்க முடியும் என்றால், நான் இன்டர்ஃபேஸை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

மேசை ஆம்ப்

யமஹா 2011-இல் டிஎச்ஆர்10-ஐ வெளியிட்டதிலிருந்து, புத்தக அலமாரியில் வைக்கும் அளவில் யுஎஸ்பி ஆம்புகள் பெருகிவிட்டன. 2016-இல் வந்த பாஸ் கட்டானா கொஞ்சம் பெரியது. அதன் 50 வாட் மாதிரியை அரை வாட் வரை இறக்கிக்கொள்ளலாம், அதிலும் யுஎஸ்பி பதிவு இருக்கிறது. இவை வாசிக்கச் சுகமானவை. காற்றை அசைக்கும் ஸ்பீக்கர் எதிரே இருப்பது விரலுக்குத் தரும் உற்சாகத்தை ஹெட்ஃபோன் தராது. ஆம்பே இல்லாதவர், பயிற்சி முக்கால்வாசி, பதிவு கால்வாசி என்று இருப்பவர் தாராளமாக வாங்கலாம். பதிவுக்கென்றே வாங்குவதானால் ஸ்பீக்கருக்கும் பெட்டிக்கும் கொடுக்கும் பணம் பதிவில் கேட்கப்போவதில்லை. யுஎஸ்பியில் போவது ஸ்பீக்கரைத் தொடாத ஒலி.

ஆம்பும் மைக்கும்

உங்களிடம் நல்ல ஆம்ப் ஏற்கெனவே இருந்தால் இந்த வழியைத் தவிர்க்காதீர்கள். ஷூர் எஸ்எம்57 மைக் 1965-இல் வந்தது. இன்றும் ஸ்டுடியோக்களில் கிட்டார் ஆம்பின் முன் நிற்கிறது. அது டைனமிக் மைக், ஃபாண்டம் பவர் (கேபிள் வழியாக மைக்குக்குத் தரும் மின்சாரம்) வேண்டாம், தட்டினாலும் விழுந்தாலும் எளிதில் கெடாது. போலிகள் நிறைய உலவுவதால் நம்பகமான விற்பனையாளரிடம் வாங்குவது நல்லது.

இதில் டோன் குமிழ் என்பது மைக் நிற்கும் இடம். ஆம்பின் துணிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் ஸ்பீக்கரின் நடுவில் வட்டமான ஒரு மூடி தெரியும். மைக்கைத் துணியை ஒட்டி, அந்த மூடியின் நடுவுக்கு நேராக வைத்தால் ஒலி கத்தி போலக் கூர்மையாக இருக்கும். அங்கிருந்து ஓரமாக இரண்டு விரல் அகலம் நகர்த்துங்கள். கூர்மை குறைந்து சதைப்பிடிப்பு வரும். இன்னும் இரண்டு விரல் தள்ளினால் ஒலி இருண்டுவிடும். மூடியும் கூம்பும் சேரும் விளிம்புக்கு நேரே பத்து வினாடி, இடப்பக்கம் ஒரு விரல் தள்ளிப் பத்து வினாடி, வலப்பக்கம் ஒரு விரல் தள்ளிப் பத்து வினாடி என்று ஒரே ரிஃபை வாசித்துக் கேட்டுப் பாருங்கள். ஆம்பின் குமிழ்களில் கிடைக்காத வித்தியாசம் அங்கே கிடைக்கும். அப்புறம் அந்த இடத்தில் துணி மேல் ஒரு சின்னத் துண்டு டேப் ஒட்டிவிடுங்கள், நாளைக்குத் தேட வேண்டாம்.

சிக்கல் சத்தம்தான். "என் ஆம்ப் 5 வாட்தானே" என்று நினைப்பார்கள். 50 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 10 டெசிபல்தான். காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும், அவ்வளவே. ட்யூப் ஆம்ப் இனிக்கும் அளவுக்கு ஏற்றினால் வீடு முழுக்கக் கேட்கும். இரவில் மட்டும்தான் நேரம் கிடைக்கும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. மைக்கைச் செருகவும் இன்டர்ஃபேஸ் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆக இது முதல் வழிக்குப் போட்டியே இல்லை, அதற்கு மேல் கட்டும் மாடி.

ஒரு எச்சரிக்கை. சத்தம் வேண்டாம் என்று ட்யூப் ஆம்பின் ஸ்பீக்கர் கேபிளைக் கழற்றிவிட்டு வாசிக்கவே கூடாது. ஸ்பீக்கரோ, அதற்குப் பதிலாக ஆம்பின் சக்தியை ஏற்கும் லோட் பாக்ஸோ இல்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். ஸ்பீக்கர் வெளியீட்டை நேராக இன்டர்ஃபேஸில் செருகினால் இன்டர்ஃபேஸும் போய்விடும். டூ நோட்ஸ் கேப்டர் போன்ற லோட் பாக்ஸ் நடுவில் இருக்க வேண்டும்.

எதில் கேட்பது

இன்டர்ஃபேஸுக்கு அடுத்த பணம் ஹெட்ஃபோனுக்கு. ஸ்பீக்கர் மானிட்டர் பிறகு. ஒலியமைப்பு எதுவும் செய்யாத சாதாரண அறையில் சுவர்கள் பேஸை ஓரிடத்தில் பெருக்கும், ஓரிடத்தில் விழுங்கும். நல்ல மானிட்டர் வாங்கி அந்த அறையில் வைத்தாலும் கேட்பது பாதி அறையைத்தான். ஆடியோ-டெக்னிகா எம்40எக்ஸ், சோனி எம்டிஆர்-7506, பேயர்டைனமிக் டிடி 770 ஆகியவை காதை மூடும் வகை. மைக் வைத்துப் பதிவு செய்யும்போதும் ஒலி வெளியே கசியாது. மைக் வைக்கும் எண்ணமே இல்லாதவர் திறந்த வகை ஹெட்ஃபோனும் வாங்கலாம், மணிக்கணக்கில் போட்டிருக்க அது இதமாக இருக்கும். ப்ளூடூத் ஹெட்ஃபோன் மட்டும் வேண்டாம். சாதாரணமாக 100 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதிக்கும். முப்பது மீட்டர் தள்ளி ஆம்பை வைத்து வாசிப்பது போல.

இரைச்சலைப் பற்றிக் கொஞ்சம். சிங்கிள் காயில் பிக்கப் சுற்றிலும் உள்ள மின்சாரக் கம்பிகளின் ரீங்காரத்தை இழுத்துக்கொள்ளும். அதை ஒழிக்கத்தான் கிப்சனில் சேத் லவர் 1955-இல் இரண்டு சுருள்களை எதிரெதிராக வைத்து ஹம்பக்கரை வடிவமைத்தார். உங்கள் கிட்டாரில் சிங்கிள் காயில் இருந்தால், பதிவுக்கு முன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு திசையில் ரீங்காரம் சட்டென்று அடங்கும். அந்தத் திசையிலேயே வாசியுங்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுவதும் பல நேரம் பெரிய வித்தியாசம் தரும். இரைச்சல் நீக்கும் ப்ளக்-இன்னுக்குப் பணம் போடும் முன் இந்த இரண்டையும் செய்து பாருங்கள்.

பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பேன் என்று கேட்டால்: முதலில் புது ஸ்ட்ரிங், கிட்டாரின் இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சேர்வது) சரிசெய்தல், உறுதியான மூன்று மீட்டர் கேபிள். கேபிள் நீள நீள உயர் ஒலி தேயும், அதனால் தேவைக்கு மேல் நீளம் வேண்டாம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி விலகும் கிட்டாரை எந்த ஐஆரும் காப்பாற்றாது. இரண்டாவது இன்டர்ஃபேஸ். மூன்றாவது ஹெட்ஃபோன். இத்தோடு நின்று, இலவச மென்பொருளில் நான்கைந்து பாட்டாவது முடித்த பிறகு, எது குறைகிறது என்பது உங்களுக்கே தெரியும். கணினியைத் திறக்கவே சலிப்பாக இருக்கிறது என்றால் மல்டி-எஃபெக்ட்ஸ். ஆம்ப் இருக்கிறது, பகலில் சத்தம் போடலாம் என்றால் எஸ்எம்57. கேட்டதை நம்ப முடியவில்லை என்றால் இன்னும் நல்ல ஹெட்ஃபோன்.

பணம் போதவில்லை என்றால் மேலே சொன்ன எதையும் பழையதாக வாங்கலாம். மைக்கும் ஹெட்ஃபோனும் பழையதில் பயம் குறைவு, ஹெட்ஃபோனின் காது மெத்தையை மாற்றிக்கொள்ளலாம். இன்டர்ஃபேஸில்தான் கவனம் வேண்டும். கருவி நன்றாகவே இருக்கும், ஆனால் உங்கள் கணினியின் இப்போதைய இயங்குதளத்துக்கு அதன் டிரைவர் வந்திருக்காது. நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டே பணம் பேசுங்கள். நேரில் போகும்போது கிட்டாரையும் கேபிளையும் ஹெட்ஃபோனையும் எடுத்துப் போங்கள். கெயின் குமிழை முழுதாகத் திருப்பி ஒரு சுற்று, யுஎஸ்பி துளையை லேசாக அசைத்து ஒரு பார்வை. பிறகு கிட்டார் உள்ளீட்டில் ஜாக்கைச் செருகி, 'இன்ஸ்ட்' சுவிட்சை இரண்டு பக்கமும் தள்ளித் தள்ளி மேல் ஈ ஸ்ட்ரிங்கை மட்டும் தட்டிக் கேளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மங்கலாகக் கேட்டால் அந்தக் கருவி வேண்டாம்.